ஊற்றிய கைகள்



குடித்துக் கெட்டவன் யார் என்று கேட்டால் குப்பத்துச் சிறுபிள்ளையும் விரல் நீட்டிக் காட்டும். “அதோ, கவிழ்த்த படகின் நிழலில் கிடக்கிறாரே, அவர்தான்!” அவருக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள், ஊரே வாய்மூடி நிற்கும். அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்க வந்திருக்கிறேன். கேட்கும் தகுதி இவனுக்கு உண்டா என்று நீங்கள் எண்ணலாம். ஊற்றிய கைகளின் வரிசையில் என் கையும் இருந்தது. அதைச் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் ஆளும் தெரிந்துவிடும். அங்கே நம் கிளைத் தோழர் ஒருவர், வலைத் தொழிலாளி, நாற்பதைத் தாண்டாத வயது. கொடி கட்டுவது முதல் கூட்டம் முடிந்து பாய் சுருட்டுவது வரை அவர் கை படாத வேலை இல்லை. ஆனால் அந்தக் கை காலையில் எழுந்ததும் நடுங்கும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். நடுக்கம் நின்றால்தான் வலையைத் தொட முடியும். அவர் மனைவி மீன்கூடை சுமந்து பொன்னேரி வரை போய் விற்று வருபவர். அந்த அம்மையார் ஒருநாள், மறுநாள் மீன் எடுக்க வைத்திருந்த முதலை முந்தானையில் முடிந்துகொண்டு, கணவனைக் கைப்பிடித்து அழைத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தார். மூன்று வாரம் வியாபாரம் இல்லை. மூன்று வாரம் கழித்து மனிதர் திரும்பி வந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் தொடவில்லை. முகம் தெளிந்தது. கிழிந்து தொங்கிய வலை சீரானது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் புது நோட்டு எடுத்துக்கொண்டு போனான்.

நான்காம் மாதம் நம் பொதுக்கூட்டம். பேசப் போனவன் நான். அன்றைக்கு என்ன பேசினேன் தெரியுமா? 1921ஆம் ஆண்டு ஈரோட்டுத் தெருக்களில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குப் புறப்பட்ட வரலாற்றைப் பேசினேன். தாதம்பட்டித் தோப்பில் கள்ளுக்குப் பயன்பட்ட தென்னைகள் 500ஐப் பெரியார் வெட்டிச் சாய்க்கச் சொன்ன வரலாற்றைப் பேசினேன். கைதட்டல் கடலிரைச்சலை விழுங்கிற்று.

கூட்டம் முடிந்தது. மேடைக்குப் பின்னால் பாய் விரித்திருந்தார்கள். வறுத்த மீன், பக்கத்தில் புட்டிகள். நம் தோழர் ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள்.

“வேணாம்பா, வுட்டுட்டேன்.”

“அட, தலைவரே வந்துகீறாரு. இன்னிக்கு ஒரு நாளு இன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். அவர் மருத்துவமனைக்குப் போய்வந்த கதை எனக்குத் தெரியும். வழியிலேயே கிளைச் செயலாளர் சொல்லியிருந்தார். ‘அவரை விடுங்கள்’ என்று இரண்டு சொல் போதும். இரண்டு மணி நேரம் முழங்கிய வாய்க்கு அந்த இரண்டு சொல் வரவில்லை. மீன்முள்ளை விரலால் எடுத்தபடி சிரித்தேன். விருந்து வைத்தவர்களின் மனம் கோணக்கூடாதே என்ற சிரிப்பு. அதை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் என்றார்கள். அந்த ஒரு நாள் பதினான்கு மாதம் நீண்டது.

பிறகு என்ன பேசினோம்? “திருந்தவே மாட்டான்”, “மனவுறுதி இல்லாதவன்”, “பெண்டாட்டி காசையும் தொலைத்தான்.” பேசியவர்களில் பாதிப்பேர் அன்று அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்!

மனவுறுதி, மனவுறுதி என்கிறார்களே, அதை ஆராய்வோம். புயலில் படகு செலுத்தும் ஆளுக்கு மனவுறுதி இல்லையாம்! இருட்டில் கழுத்தளவு நீரில் நின்று வலை இழுப்பவனுக்கு உறுதி இல்லையாம்! குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவர் சொல்கிறார். குடி என்பது குடிப்பவனின் தொண்டைக்குள் மட்டும் நடக்கும் காரியமானால் இந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு. ஏரிக்கரைக்கு வந்து ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள்.

இருட்டோடு இறங்கிய வலை வெயில் ஏறுமுன் கரை சேர்கிறது. இறாலும் நண்டும் ஏலம் போகின்றன. வந்த பணத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எண்ணெய்ச் செலவு, வியாபாரி கொடுத்த முன்பணத்துக்குப் பிடித்தம் எல்லாம் போக மிச்சந்தான் ஆட்களுக்கு. எங்கே பிரிக்கிறார்கள் அந்த மிச்சத்தை? நான் பார்த்த கரைகளில், கடைக்குப் போகும் வழியில்! சமமாகப் பிரியாத சில்லறை இருக்கிறதே, அது எல்லாருக்கும் பொது. பொதுப் பணத்துக்குப் பொதுப் புட்டி. குடிக்காதவன் தன் பங்குச் சில்லறையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். ஒருநாள் போனால் “நல்ல பிள்ளை” என்று கேலி செய்வார்கள். ஒரு மாதம் போனால், “நம்மோடு சேராதவன்” என்று ஆகிவிடும். சேராதவனை நாளைக்குப் படகில் ஏற்றுவார்களா? ஒரு புட்டியைத் தள்ளிவைக்க நினைப்பவன், தான் ஏறிப் பிழைக்கும் படகையே தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. இதுதான் அவன் முன்னால் நிற்கும் கணக்கு. மனவுறுதியைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

அடுத்து, குளிர். “தண்ணியில நிக்கிறோம், உடம்பு சூடாகணும்” என்பார்கள். தந்தை சொன்னதை மகன் சொல்கிறான். உண்மை நேர்மாறானது, தோழர்களே. மது தோலின் அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளே இருக்கவேண்டிய சூடு தோலுக்கு வருகிறது. அதனால் சூடானதுபோலத் தோன்றுகிறது. தோலுக்கு வந்த சூட்டைக் காற்றும் நீரும் கொண்டுபோய்விடுகின்றன. குடித்துவிட்டுக் குளிர்நீரில் நிற்பவன் குடிக்காதவனைவிட விரைவில் சில்லிட்டுப் போகிறான். சூடு தருவதாகச் சொல்லிச் சூட்டைத் திருடும் திருடனை மூன்று தலைமுறையாக வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்!

சாவு வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். குழி வெட்டியவர்களுக்கு ஊற்று, பாடை தூக்கியவர்களுக்கு ஊற்று, பறை அடித்தவர்களுக்கு ஊற்று. குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தவனின் சாவுக்கும் அப்படித்தான். தாலி இழந்தவள் கடன் வாங்கி, கணவனைக் கொன்ற அதே சரக்கை வாங்கி, கணவனைச் சுமந்தவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ‘மரியாதை தெரியாதவள்’. எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது இது? எழுதாத சாத்திரந்தான் எழுதிய சாத்திரத்தைவிடக் கொடுமையானது.

இத்தனைக்கும் மேலே, சும்மா இருக்கும் நாள். சில்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம் பழவேற்காடு. ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். கடலும் ஏரியும் கைகுலுக்கும் முகத்துவாரம் திறந்திருந்தால் இறால் குஞ்சு உள்ளே வரும், குப்பத்தில் அடுப்பெரியும். மணல் மூடினால் அடுப்பும் மூடும். தெற்கே 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. பிறகு எண்ணூரில் ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். கரை அரிக்கிறது, நீர் கெடுகிறது, மீன் குறைகிறது என்று மீனவர்கள் முறையிட்டு முறையிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. வறண்ட தொண்டைக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வலை காயும் நாளில் கை காய்கிறது. கை காயும் நாளில் மனம் காய்கிறது. இழப்பீடு எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. கடை எப்போது திறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சூழல் இருக்கிறதே, அது என்னென்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். வியட்நாம் போரின் கடைசி ஆண்டுகளில் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவன் ஹெராயினுக்கு அடிமை என்று தெரிந்து வாஷிங்டன் நடுங்கியது. குடியைவிடக் கொடிய போதை அது. இத்தனை ஆயிரம் அடிமைகள் ஊர் திரும்பினால் நாடு என்னாவது? 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அம்மையார் அவர்களைத் தேடித்தேடி விசாரித்தார். வியட்நாமில் அடிமையாய் இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான்! மந்திரமா? மாயமா? சாவு பயமும் சலிப்பும் எங்கு திரும்பினாலும் தூளும் இருந்த இடத்தைவிட்டு, தாயும் தாரமும் வேலையும் இருந்த இடத்துக்கு வந்தார்கள். இடம் மாறியது, நண்பர் கூட்டம் மாறியது, பழக்கம் உதிர்ந்தது. நம் தோழர் மருத்துவமனையிலிருந்து எங்கே திரும்பினார்? அதே கரைக்கு, அதே பங்கு பிரிப்புக்கு, அதே பாய்க்கு! சிப்பாய் போர்க்களத்தைவிட்டு வீட்டுக்கு வந்தான். நம் ஆளோ வீடு என்று நினைத்துப் போர்க்களத்துக்கே திரும்பினார்.

கடல் கடந்து போவானேன்? கார்த்திகை மாதம் குப்பத்துக்கு வாருங்கள். அய்யப்பனுக்கு மாலை போட்டவர்கள் அங்கேயும் உண்டு. நேற்றுவரை தள்ளாடியவன் கருப்பு வேட்டி கட்டி நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டும் தொடாமல் நடமாடுகிறான். “பார்த்தாயா, சாமியின் சக்தியை!” என்று பக்தர் கேட்கிறார். பகுத்தறிவுக்காரனாகிய என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார். நானும் அந்த நாற்பத்தெட்டு நாளை ஊன்றிப் பார்த்தேன். மாலை போட்டவனை யாரும் கடைக்கு அழைப்பதில்லை. பங்கு பிரிக்கும் இடத்தில் அவன் சில்லறையைக் கையில் கொடுத்து, “சாமி, நீங்க கெளம்புங்க” என்கிறார்கள். சாவு வீட்டில் ஊற்றுவதில்லை. வீட்டில் மனைவி திட்டுவதில்லை. தனித் தட்டு, தனிப் பாய், மரியாதை! நேற்றுவரை ‘டேய்’ என்றவன் இன்று ‘சாமி’ என்கிறான். மாலைநேரம் பாட, பேச, கூடியிருக்க ஒரு கூட்டமும் கிடைக்கிறது. தோழர்களே, ஒரு மனிதன் குடியைவிட என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் ஊர் கூடிக் கொடுக்கிறது. மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் அத்தனையையும் பிடுங்கிக்கொள்கிறது. நாற்பத்தொன்பதாம் நாள் அவன் விழுகிறான். மாதா கோவில் குப்பத்தில் தவக்காலத்திலும், பழவேற்காட்டு முசுலிம் தெருவில் நோன்பு மாதத்திலும் இதே காட்சியைக் காணலாம். சாமி உண்டா இல்லையா என்ற வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். ஊர் நினைத்தால் நாற்பத்தெட்டு நாள் முடிகிறது என்பதில் பக்தருக்கும் எனக்கும் வழக்கில்லை. ஊர் ஏன் ஆண்டு முழுவதும் நினைக்கக்கூடாது என்பதே என் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் வெட்டி எடுத்து மன்றத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன், காலையில் கைநடுங்கும் நிலைக்கு வந்தவன், ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத பூச்சி ஊர்வதும், இல்லாத குரல் கேட்பதும், ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும் உண்டு. அதைப் பேய் என்று நினைத்து வேப்பிலை அடித்தால் பிணந்தான் மிஞ்சும். அது மூளையின் நோய், மருந்து இருக்கிறது, மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தின்றிக் கடக்கலாம். யாருக்கும் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் ‘குடிமறப்பு மருந்து’ விளம்பரங்களை நம்பி வீட்டுப் பெண்கள் ஏமாறவேண்டாம். அப்படிக் கலப்பதால் உயிருக்கே கேடு வந்ததுண்டு. அரசுக் கட்டணமில்லாத் தொலைபேசி 14446. எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மருந்து கிடைப்பவர்கள் எத்தனை பேர்? நடுவண் அரசுக்காக புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர்? அவர்களுக்குக் கிடைப்பது நம் சிரிப்பு.

“கடையை மூடு, எல்லாம் சரியாகும்” என்பார் சிலர். கடையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மீண்டும் போனது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2023 சூனில் 500 கடைகள் மூடப்பட்டன, வரவேற்றோம். அதே 2023-24 நிதியாண்டில் மதுவால் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் ஏட்டிலேயே இதை எழுதலாமா என்று புருவத்தை உயர்த்துவோர் உயர்த்தட்டும். மகளிர்க்கும் மாணவர்க்கும் நாம் செய்யும் நன்மைகளை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி எந்தப் பெண்ணின் சுருக்குப்பையிலிருந்து வந்தது என்பதையும் நாம்தானே சொல்லவேண்டும்?

ஆனால் கடையை மூடினால் மட்டும் போதுமா என்றால், எக்கியார்குப்பம் நினைவுக்கு வருகிறது. மரக்காணத்தை அடுத்த மீனவக் குப்பம். 2023 மே மாதம் அங்கே மீனவர்கள் குடித்தது கடைச்சரக்கல்ல. கள்ளச்சாராயம் என்ற பெயரில் வந்த மெத்தனால், ஆலைகளில் பயன்படும் நச்சு. உடலுக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கிறது, பிறகு உயிரைப் பறிக்கிறது. விழுப்புரம், செங்கல்பட்டு இரு மாவட்டங்களிலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே, 2024 சூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேல். மாண்டவர்களில் பெண்களும் உண்டு. ஏன் அதை வாங்கினார்கள்? மலிவு, தெருமுனையில் கிடைத்தது, விடியுமுன் கிடைத்தது, கடனுக்கும் கிடைத்தது. கை நடுங்குபவனால் நண்பகல் வரை கடை திறக்கக் காத்திருக்க முடியாது. அந்த நடுக்கத்தின்மேல் வியாபாரம் செய்தவன் ஊருக்குத் தெரியாதவனா? காவலர்க்குத் தெரியாதவனா? ஒவ்வொரு குப்பத்திலும் தெரிந்தே வாய்மூடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. விற்பவனைச் சிறையில் தள்ளச் சட்டம் போதும். நடுங்குபவனை நிமிர்த்தச் சட்டத்தால் முடியாது.

நிமிர்த்திய கதை ஒன்று நம் ஏரியின் வடகரை மாவட்டத்திலேயே நடந்தது. அன்று ஏரியின் ஆந்திரப் பகுதி நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோதுதான் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அந்த நெல்லூர் மாவட்டத்தில், ஏரியைவிட்டுத் தள்ளி உள்ளே, துபகுண்டா என்றொரு சிற்றூர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்து இரவுப் பள்ளி. கூலிப் பெண்கள் பகலெல்லாம் வயலில் குனிந்துவிட்டு, இரவில் அரிக்கன் விளக்கடியில் அகரம் படித்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு கதை. குடிக்கும் கணவர்களால் துன்பப்பட்ட பெண்கள் ஒன்றுகூடிச் சாராயத்தை எதிர்த்த கதை. படித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இது நம் வீட்டுக் கதையல்லவா! ரோசம்மா என்ற பெண்மணி முன்னே நடக்க, சாராயக் கடையை மூடவைத்தார்கள். கையெழுத்துப் போடக் கற்றவர்கள், சாராயத்துக்குக் கையெழுத்து மறுத்தார்கள்! 1992இல் நெருப்பு ஊர்ஊராகப் பரவியது. நெல்லூரில் சாராய ஏலம் நடத்தவந்த அதிகாரிகள் பெண்கள் கூட்டத்தைக் கண்டு ஏலத்தைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயத்துக்குத் தடை. 1995 சனவரியில் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தார்.

1997இல் அந்த மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. வருவாய் போதவில்லை என்றார்கள், கள்ளக் கடத்தலைத் தடுக்க முடியவில்லை என்றார்கள். சட்டம் ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. ஆயினும் ரோசம்மாவின் கதை தோற்ற கதை என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டுத் துன்பத்தைத் தன் தலையெழுத்து என்று எண்ணி முந்தானையால் மூடிக்கொண்டிருந்தவரை சாராயக்காரன் நிம்மதியாக உறங்கினான். பத்துப் பெண்கள் ஒரே விளக்கடியில் அமர்ந்து பேசியபோது அவன் உறக்கம் கலைந்தது. நம் குப்பத்து மீன்காரப் பெண்கள் ஏலத் திடலில் நாள்தோறும் ஒன்றாக நிற்கிறார்கள். ஒரே பேருந்தில் கூடையோடு ஏறுகிறார்கள். விளக்கும் பள்ளியும் இல்லாமலே கூடியிருக்கும் கூட்டம். அவர்களிடம் நம் கிளை இதுவரை ஒரு வார்த்தை பேசியதுண்டா? வாக்குக் கேட்கும் நாள் தவிர?

சிகிச்சையையே ஊருக்குள் கொண்டுவந்த கதையும் நம் தமிழ்நாட்டில் உண்டு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்கும் தெரியும். கணவரைக் குடிக்குப் பலிகொடுத்த துயரத்திலிருந்து அவர் எழுப்பிய நிறுவனம். பட்டணத்துக்கு வரமுடியாத ஏழைக் குடும்பங்களுக்காக, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். முகாம் பதினைந்து நாள் அளவுதான். அதன் முறை இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ஊர்க்காரர்களே ஆளை அடையாளம் கண்டு அழைத்துவருகிறார்கள். ஊரே இடம் தருகிறது. குடும்பத்தாருக்கும் தனியே வகுப்பு. முகாம் முடிந்தபின்னும் மாதந்தோறும் வந்து பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரன் ஒன்றாக முகாமில் இருந்தவன் என்றால், வெளியே வந்தபின் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நம் தோழரை நாங்கள் தனியாக அனுப்பினோம், தனியாக வரவேற்றோம், தனியாக விழவிட்டோம்.

இதெல்லாம் படித்த பெரியவர்கள் செய்யும் காரியம், குப்பத்தால் ஆகுமா என்று கேட்காதீர்கள். பாடு முறையைக் கண்டுபிடித்தது யார்? எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி? கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் ஏரியில் இறால் பிடிக்க முறை வைத்திருக்கின்றன. இன்ன நாள் இன்ன ஊர், இன்ன இடம் இன்ன ஆள் என்று சீட்டுப் போட்டு, முறை மாற்றி, எழுத்தறியாத காலத்திலேயே வகுத்த முறை. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் வந்து வியந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். அதில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பங்கில்லை, வேறு சாதிக்காரனுக்கு இடமில்லை, கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தச் சீட்டில் பெயரில்லை. அந்தச் சுவர் இடியவேண்டிய சுவர்தான். ஆனாலும், ஓடும் தண்ணீரையே பங்கிட்டுக் கட்டுப்பாட்டோடு வாழத் தெரிந்த ஊருக்கு ஒரு புட்டியைக் கட்டுப்படுத்த முடியாதா? அடுத்தவன் பாட்டில் வலை போட்டவனுக்குத் தண்டம் போடும் பஞ்சாயத்து, மருத்துவமனையிலிருந்து வந்தவனுக்கு ஊற்றியவனுக்கு ஏன் தண்டம் போடக்கூடாது? குடித்தவனுக்குத் தண்டம் போடாதீர்கள். அது அவன் மனைவியின் கூடையிலிருந்துதான் வரும்.

சரி, நம் கிளை என்ன செய்யவேண்டும்? தீர்மானம் வேண்டாம், தீர்மானம் எழுதி எழுதி நம் நோட்டுகள் நிறைந்துவிட்டன. கூட்டம் என்றால் மேடைக்குப் பின்னால் பாய் விரிக்கக்கூடாது. தேர்தல் வேலைக்குச் சோறு போடுங்கள், கூலி வேண்டுமா கொடுங்கள், புட்டி கொடுக்காதீர்கள். எதிர்க்கட்சிக்காரன் கொடுக்கிறானே என்பது பதிலாகாது. சாவு வீட்டில் நம் கொடி போர்த்திய உடலுக்கு முன்னால் நம் ஆட்களே, “நாங்கள் குடிக்காமல் சுமக்கிறோம், அம்மா கடன் வாங்கவேண்டாம்” என்று முதலில் சொல்லவேண்டும். குழி வெட்டும் தோழருக்குப் புட்டிக்குப் பதில் கூலியைக் கையில் கொடுங்கள். காலங்காலமாக அவருக்குக் கூலிக்குப் பதில் சாராயம் ஊற்றியதே ஒரு சாதிச் சூழ்ச்சி. இளைஞர்களுக்கு மாலைநேரத்தில் போக ஓர் இடம், படிப்பகமோ கபடித் திடலோ, அந்தக் காலத்துக் கழகத் தோழர்கள் தெருத்தெருவாக நடத்தினார்களே, அது எங்கே போயிற்று? படிப்பகம் பூட்டிய தெருவில்தான் கஞ்சாப் பொட்டலமும் மாத்திரை அட்டையும் நுழைந்திருக்கின்றன.

அந்தத் தோழரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்த அம்மையார் மீண்டும் முதலை முடிந்துகொண்டு மீண்டும் கைப்பிடித்து அழைத்துப் போனார். விழுந்தவன் மறுபடி விழுவான் என்று ஊர் சொன்னது. விழுந்தவன் மறுபடி எழுவான் என்று அவர் மட்டும் நம்பினார். இம்முறை திரும்பி வந்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்களா ஊத்தினீங்க, தலைவரே?” என்றார்.

“ஊற்றவில்லை. ஆனால் சிரித்தேனே!”

கொஞ்சநேரம் வலையைப் பின்னிக்கொண்டே இருந்தார். கை நடுங்கவில்லை. பிறகு ஒரு கோரிக்கை வைத்தார், ஒன்றே ஒன்று. “எங்க பசங்க சொன்னா கேப்பானுங்க, நீங்க சொல்லுங்க. பங்கு பிரிக்கிறத ஏலத் திடல்லயே, பொம்பளைங்க எதிர்லயே பிரிச்சுடச் சொல்லுங்க. வழியில வேணாம்.”

படகு ஆட்கள் ஐந்து பேரையும் பார்த்தோம். இருவர் உடனே சரி என்றார்கள். ஒருவர் சிரித்தார். மற்ற இருவரும், “ஒரு மாசம் பாக்கலாம்” என்றார்கள். பதினேழு நாள் ஆகிறது, திடலிலேயே பிரிகிறது. பிரியாத சில்லறையை ஒரு தகர டப்பாவில் போடுகிறார்கள். அதை என்ன செய்வது என்பதில் இப்போதே சண்டை. வலைநூல் வாங்கலாம் என்கிறார் ஒருவர், பிள்ளைகளுக்குப் பந்து வாங்கலாம் என்கிறார் இன்னொருவர்.

வருகிற ஞாயிறு மாலை கிளைக் கூட்டம் அந்தத் தோழர் வீட்டு வாசலில். டப்பாச் சண்டைதான் முதல் பொருள். மீன்காரப் பெண்களையும் அழைத்திருக்கிறோம். பேருந்திலிருந்து இறங்கிக் கூடையை வைத்துவிட்டு நேரே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தேநீர் போடும் பொறுப்பு என்னுடையது, மணி ஆறு.